பாடநூலுக்கு வெளியே ஒரு பக்கம்

1829ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி சந்திர கிரகணம். அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் பலரும் நம்பியிருந்தது அராலி விசுவநாத சாஸ்திரியார் கணித்த பஞ்சாங்கத்தை. கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது விடும், நிலவில் எவ்வளவு மறையும் என்று அவர் முன்கூட்டியே எழுதியிருந்தார். வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபர் டானியல் பூவர் ஐரோப்பிய முறைப்படி கணக்கிட்டு வேறு எண்களைச் சொன்னார். இரு கணக்குகளையும் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். நேரத்திலும் மறைப்பின் அளவிலும் பூவர் சொன்னதே பொருந்தி வந்தது.

அமெரிக்க மிஷனரிமார் இந்த முடிவைச் சமயப் பிரசாரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். சைவர்கள் அதற்குச் சினந்ததும் பதில் எழுதியதும் யாழ்ப்பாண வரலாற்றின் பெரிய அத்தியாயம். ஆனால் வகுப்பறையின் கண்ணால் பார்த்தால் அன்று வேறொன்றும் நடந்தது. எழுத்தில் இருக்கும் ஒரு கூற்றை அப்படியே மனனம் செய்யாமல், இன்னொரு கூற்றோடு ஒப்பிட்டு, கடைசியில் வானத்தையே நடுவராக வைத்துத் தீர்ப்புக் கேட்கும் பழக்கம் தமிழ் மாணவர்களுக்கு நேரடியாகக் காட்டப்பட்டது.

பாடநூலில் இல்லாத அறிவியல் எழுத்தை வகுப்புக்குள் கொண்டுவந்து பாடம் நடத்தும் வழக்கம் இன்று புதிய முறை என்று பயிற்சிப் பட்டறைகளில் பேசப்படுகிறது. ஆசிரியர் கைத்தொலைபேசியில் ஒரு கட்டுரையைத் திறந்து வாசிக்கிறார், பிள்ளைகள் கேள்வி எழுப்புகிறார்கள், விடையை எழுதி அனுப்புகிறார்கள். கருவி புதிது. வழக்கமோ ஈழத்தமிழரிடையே ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பழையது. அது எங்கே வேர்பிடித்தது, எங்கே பட்டுப்போனது, முரசுமோட்டை போன்ற ஒரு வன்னிக் கிராமத்துக்கு ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

தாரகையின் பக்கங்கள்

வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கியது. வானவியல், கணிதம், இயற்கை விஞ்ஞானம் ஆகியவற்றோடு தமிழ் இலக்கியமும் அங்கே கற்பிக்கப்பட்டது. அதில் படித்து வெளியேறிய ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற இரண்டு தமிழர்களை ஆசிரியர்களாகக் கொண்டு 1841 ஜனவரி 7ஆம் திகதி 'உதயதாரகை' முதல் இதழ் வெளிவந்தது. மானிப்பாயிலிருந்த அமெரிக்க மிஷன் அச்சகம் அதை அச்சிட்டது. மாதம் இருமுறை, தமிழும் ஆங்கிலமுமாக வந்த அந்தத் தாள்தான் இலங்கையின் முதல் தமிழ்ப் பத்திரிகை.

தாரகை செய்தி மட்டும் சொல்லவில்லை. கல்வி, விஞ்ஞானம், வேளாண்மை, இலக்கியம், அரசாங்க அறிவிப்பு, சமயம் எல்லாம் அதற்குள் இருந்தன. பாடநூல் ஒருமுறை அச்சானால் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் தாளோ புதிய விடயத்தைச் சொல்ல வேண்டும். வாசித்தவர் மறுப்பு எழுதலாம், அடுத்த இதழில் பதில் வரலாம். சமய விவாதங்கள் அதில் அனல்பறந்தன. அந்த விவாதப் பழக்கமே வாசகரை வெறும் கேட்பவராக இருக்கவிடாமல் எழுதுபவராக்கியது.

செமினரியின் சூழலில் வளர்ந்தவர்களில் கரோல் விசுவநாதபிள்ளை 1855இல் 'வீசகணிதம்' என்ற நூலைத் தமிழில் தந்தார். அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும்தான் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய தாமோதரம்பிள்ளைக்குச் சென்னையில் 'தினவர்த்தமானி' பத்திரிகையை நடத்திய அனுபவமும் உண்டு. பத்திரிகை, பாடநூல், வகுப்பு மூன்றும் ஒரே கைகளில் சுழன்ற காலம் அது.

கிறீன் விட்டுச்சென்ற பாடம்

1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இந்த வழக்கத்தை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனார். மசாசுசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரரில் 1822இல் பிறந்தவர். யாழ்ப்பாணம் வந்த அடுத்த ஆண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் வகுப்பு. படித்து முடித்தவர்கள் நகரங்களையும் அரசாங்க வேலையையும் தேடிப் போனார்கள். கிராமம் கிராமமாகவே இருந்தது. தமிழில் படித்தவர் தமிழரிடையே தங்குவார் என்று கிறீன் முடிவு செய்தார். 1860களில் மானிப்பாய் வகுப்பு தமிழுக்கு மாறியது.

மாறுவதற்கு நூல் வேண்டும். உடற்கூறு, உடற்றொழில், சுகாதாரம் பற்றிய கட்டரின் நூல் முதலில் தமிழானது. பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் பின்தொடர்ந்தன. கிறேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் வந்தது. வெல்ஸ் எழுதிய இரசாயன நூல் 1875இல் 'கெமிஸ்தம்' ஆயிற்று. தமிழில் இருந்த சொல்லை முதலில் தேடுவது, கிடைக்காவிட்டால் வடமொழியில் பார்ப்பது, அங்கும் இல்லையென்றால் ஆங்கில ஒலியைத் தமிழ் எழுத்தில் இறக்குவது என்று அவரும் மாணவர்களும் ஒரு ஒழுங்கு வைத்து உழைத்தார்கள். பல நூல்களின் வரைவுகளை அவரிடம் படித்த தமிழ் மருத்துவர்களே எழுதினார்கள். திருத்தும் வேலைதான் அவருடையது. 1873இல் ஊர் திரும்பிய பிறகும் அவர் அமெரிக்காவில் இருந்தபடியே பிரதிகளைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். 1884இல் இறந்தார்.

இவ்வளவு உழைப்பில் உருவான நூல்கள் பின்னர் என்னவாயின? 1870இல் கொழும்பில் மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்தில் தொடங்கியது. பதிவும் பதவியும் ஆங்கிலம் படித்தவருக்கே என்றானது. மானிப்பாயின் தமிழ் வகுப்பு நின்றதும் ஆயிரக்கணக்கான பக்கங்கள் அலுமாரிக்குள் போயின. நூல்களில் குறை இருந்து அவை தோற்கவில்லை. அவற்றைக் கையிலெடுத்துப் பாடம் சொல்ல ஒரு வகுப்பு இல்லாமல் போனது. வகுப்பறைக்கு வெளியே எழுதப்படும் அறிவியல் எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதை வகுப்புக்குள் அழைத்துவரும் ஆசிரியர் இல்லாவிட்டால் அது நூலகத்துச் சொத்தாகிவிடும். இணையத்தில் எழுதுபவர்களும் கல்வி அதிகாரிகளும் கிறீனின் கதையிலிருந்து கற்க வேண்டியது இதைத்தான்.

தாய்மொழி வந்தது, வாசிப்பு வரவில்லை

வன்னிக்கு இவை எதுவும் அன்று எட்டவில்லை. தாரகை அச்சான நாட்களில் பெருநிலப்பரப்பு காடும் குளமுமாக, மலேரியாவால் ஆள் குறைந்த நிலம். இரணைமடுக் குளம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் கட்டப்பட்ட பின்னர்தான் கிளிநொச்சிப் பக்கத்தில் குடியேற்றம் சூடுபிடித்தது. 1930களிலிருந்து யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் வயல் காணிக்காக இங்கே வந்தன. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிப்பு மலேரியாவை அடக்கியது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிப் போகும் வீதியில், பரந்தன் சந்தி தாண்டிச் சில கிலோமீற்றரில் இருக்கும் முரசுமோட்டையும் இரணைமடுவின் நீரை நம்பி நெல் விளைவித்த ஊர்தான். வயலை அடுத்துப் பாடசாலை வந்தது. இன்றைய முருகானந்தா கல்லூரி அந்த ஊரின் பெயரோடு சேர்த்தே அறியப்படுகிறது.

அதே காலத்தில்தான் நாட்டில் கல்விக் கொள்கையும் மாறியது. 1945 ஒக்டோபரில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகள் தாய்மொழிக்கு மாறின. 1950களில் அது மேல்வகுப்புகளுக்கு ஏறியது. விஞ்ஞானமும் இறுதியில் தமிழுக்கு வந்தது. அரசகரும மொழித் திணைக்களம் துறை துறையாகக் கலைச்சொல் தொகுதிகளை வெளியிட்டது. இரசாயனவியல், பௌதிகவியல், ஒட்சிசன், ஐதரசன் என்று இலங்கைப் பிள்ளைகள் இன்று எழுதும் சொற்கள் அந்த வேலையின் விளைவு. 1980இலிருந்து பாடநூல்கள் இலவசமாகவே கைக்கு வந்தன.

இந்த மாற்றத்தால் விவசாயியின் பிள்ளையும் விஞ்ஞானம் படிக்க முடிந்தது. அது பெரிய சாதனை. குறைத்துச் சொல்ல ஏதுமில்லை. ஆனால் ஒரு பள்ளம் விழுந்தது. ஆங்கிலத்தில் படித்தவருக்குப் பாடநூலைத் தாண்டி வாசிக்கச் சஞ்சிகைகளும் நூல்களும் இருந்தன. தமிழில் படித்தவருக்குப் பாடநூலே தொடக்கமும் முடிவுமாயிற்று. பரீட்சைக்கு வேண்டியது அதில் இருந்தது. ஆர்வத்துக்கு வேண்டியது இல்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பள்ளத்தை நிரப்பச் சிலர் ஆயுள் முழுவதும் உழைத்தார்கள். பெ. நா. அப்புஸ்வாமி என்ற வழக்கறிஞர் அறிவியல் கட்டுரை எழுதுவதையே வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார். ராஜாஜி 'திண்ணை ரசாயனம்' எழுதினார். கோயம்புத்தூரில் ஜி. ஆர். தாமோதரன் 1940களின் இறுதியில் 'கலைக்கதிர்' இதழைத் தொடங்கினார். பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியம் 1954 தொடங்கிப் பத்துத் தொகுதிகளாக வந்தது. சிறுவர்களுக்குத் தனிக் களஞ்சியமும் பின்னால் வந்தது. இலங்கையில் 1970களில் கண்டியிலிருந்து 'ஊற்று' என்ற அறிவியல் ஏடு வெளியானது. இவற்றில் ஒரு பிரதி எங்கோ ஒரு வன்னிப் பாடசாலையின் அலுமாரிக்கு வந்திருந்தாலும், அது பூட்டிய அலுமாரியாகவே இருந்திருக்கும். தவணைக்கு முன் பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் ஆசிரியருக்கு அதைத் திறக்க நேரம் இருக்கவில்லை. கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறையும் வன்னியை விட்டு நீங்காத பிரச்சினையாகவே இருந்துவந்திருக்கிறது.

சைக்கிள் சில்லில் சுற்றிய பாடம்

போர் நடந்த 1990களின் பொருளாதாரத் தடை வடக்கை இருட்டாக்கியது. மின்சாரம் இல்லை. பற்றரி தடை. மண்ணெண்ணெய் எட்டாத விலை. பத்திரிகைகள் கிடைத்த தாளில், பயிற்சிக் கொப்பித் தாளில்கூட அச்சாகின. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் எழுத்தாளர் வரதர் 'அறிவுக் களஞ்சியம்' என்ற இதழை மாணவர்களுக்காகக் கொண்டுவந்தார். 1940களில் 'மறுமலர்ச்சி'யை நடத்திய குழுவில் ஒருவர், முதுமையில், அச்சுத்தாளே அரிதாகிவிட்ட ஊரில், பொது அறிவு இதழ் ஒன்றைத் தூக்கி நிறுத்தினார் என்பது தமிழ் இதழியலில் நினைவில் வைக்கவேண்டிய செயல்.

இதழ் எட்டாத இடங்களில் மக்களே பாடத்தை உண்டாக்கினார்கள். செய்தி கேட்க வானொலி வேண்டும், பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து, அல்லது இரட்டைக் காலில் நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு பொருத்திப் பெடலைச் சுற்றினார்கள். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு நேரோட்டம் தேவை. எனவே இடையில் இருவாயிகளைச் சேர்த்தார்கள். கையின் வேகம் குறைந்தால் வானொலியின் குரல் தேயும். வேகம் கூடினால் தெளியும். காந்தம் சுழலும் வேகத்துக்கும் பிறக்கும் மின்னியக்க விசைக்கும் உள்ள தொடர்பைப் பரடே 1831இல் ஆய்வுகூடத்தில் கண்டார். வடக்கின் சிறுவர்கள் அதைத் தோள் நோவாகவே அறிந்தார்கள்.

ஜாம் போத்தல் விளக்கும் அப்படித்தான். சொற்ப மண்ணெண்ணெயில், கண்ணாடிப் போத்தலுக்குள்ளேயே ஒரு சிறு திரி எரியும். போத்தலின் சுவர் காற்றைத் தடுக்கும்; சூடான வளி மேலே போக, குளிர்ந்த வளி உள்ளே இறங்கிச் சுடருக்கு ஒட்சிசன் கொடுக்கும். லண்டன் ரோயல் நிறுவகத்தில் பரடே சிறுவர்களுக்காக ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் வைத்து நடத்திய நத்தார் விரிவுரைகள் நூலாகி உலகெங்கும் வாசிக்கப்படுகின்றன. ஜாம் போத்தல் விளக்கின் கீழ்ப் பாடம் படித்து உயர்தரப் பரீட்சை எழுதிய தலைமுறை, தன் முன்னால் எரிந்த சுடரைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் வாசிக்கக் கிடைத்திருந்தால், இரசாயனவியல் அதற்கு எவ்வளவு நெருங்கியிருக்கும். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதும் அப்படித்தான். சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைச் சூடாக்கிய பிறகே மண்ணெண்ணெய் எரியும். ஆவியாகும் தன்மை பற்றிய முழுப் பாடமும் அதில் இருக்கிறது. இவையெல்லாம் கதையாகப் பேசப்பட்டன. பாடமாக எழுதப்பட்டவை மிகக் குறைவு.

சவாலிராமுக்கு வந்த கடிதங்கள்

வெளியெழுத்தை வகுப்போடு கட்டிய முயற்சிகளில் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் நடந்தது முக்கியமானது. 1972இல் ஹோசங்காபாத் மாவட்டத்தின் 16 கிராமப் பாடசாலைகளில் செய்துபார்த்துக் கற்கும் விஞ்ஞானத் திட்டம் தொடங்கியது. பிள்ளைகள் கேள்வி கேட்டு எழுத ஒரு பெயர் வேண்டும் என்று 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதரை உருவாக்கினார்கள். கேள்வி என்பதற்கு இந்தியில் உள்ள சொல்லிலிருந்து வந்த பெயர். பிள்ளைகள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். பதிலும் கடிதமாக வந்தது. 1982இல் பிறந்த ஏகலவ்யா அமைப்பு இந்தப் பணியை விரித்து, 'சக்மக்' என்ற சிறுவர் இதழையும் கொண்டுவந்தது. 2002இல் மாநில அரசு பாடசாலைகளில் அந்தத் திட்டத்தை நிறுத்தியது. முப்பது ஆண்டு அனுபவம் கற்பித்தது என்னவென்றால், பிள்ளை வாசிப்பதோடு நின்றால் பாதிப் பாடம்தான். அந்தப் பிள்ளை கேட்டு எழுதி, யாரோ ஒருவர் அதை மதித்துப் பதில் எழுதும்போதுதான் பாடம் முழுமையாகிறது.

தமிழில் இதற்கு மிக அருகில் வருவது 'துளிர்'. 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், புதுவை அறிவியல் இயக்கத்தோடு சேர்ந்து 1987 நவம்பரில் தொடங்கிய சிறுவர் அறிவியல் மாத இதழ் அது. இதழோடு நிற்காமல் 'துளிர் இல்லம்' என்ற பெயரில் ஊர்களில் சிறுவர் குழுக்கள் உருவாயின. இதழில் வந்த சோதனையைக் குழுவில் செய்துபார்த்தார்கள். சிறுவர் அறிவியல் மாநாடுகளுக்குத் தங்கள் ஊரின் நீரையும் மண்ணையும் ஆராய்ந்து கட்டுரை கொண்டுபோனார்கள். இதழ், குழு, ஊர் ஆய்வு என்ற இந்தக் கண்ணிகள் இணைந்ததால்தான் துளிர் நிலைத்தது.

இலங்கையிலும் 2007 பாடத்திட்டச் சீர்திருத்தம் தேடிப் பார்த்தல், விளக்குதல், விரிவாக்குதல் என்ற படிகளைக் கொண்ட கற்பித்தல் முறையை வகுப்புக்குக் கொண்டுவந்தது. ஆசிரியர் வழிகாட்டி நூல்கள் அதை அழகாகவே சொல்கின்றன. மேலதிக வாசிப்புக்கு ஆசிரியர் பிள்ளையிடம் எதைக் கொடுப்பது என்ற இடத்தில்தான் வெற்றிடம் தெரிந்தது.

திரையில் வந்த நூலகம்

2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. அதற்கு முதல் அடித்தளம் இட்டவர்களில் முன்னணியில் நின்றவர் இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்தவர். தமிழில் தனிநபர்கள் எழுதும் அறிவியல் பக்கங்களும் அதே ஆண்டுகளில் பெருகின. கனடாவில் வாழ்ந்த அணுவியல் பொறியியலாளர் சி. ஜெயபாரதன் விண்வெளி, அணுசக்தி பற்றி நூற்றுக்கணக்கில் எழுதினார். மூத்த பத்திரிகையாளர் என். ராமதுரை 'அறிவியல்புரம்' என்ற பெயரில் சிறு சிறு கட்டுரைகளைப் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் நடையில் எழுதினார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்த இழப்பை உள்ளத்தில் வைத்துத் தன்னார்வலர்கள் 2005இல் நூலகம் என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். ஈழத்து இதழ்களும் பழைய பாடநூல்களும் பாடசாலை மலர்களும் பக்கம் பக்கமாக அதில் ஏறின.

முரசுமோட்டை அப்போது வேறு நிலையில் இருந்தது. 2009இன் தொடக்கத்தில் போர் ஊரைத் தொட்டபோது மக்கள் விசுவமடுப் பக்கமாக, பின்னர் இன்னும் கிழக்கே, கையில் எடுத்ததோடு போனார்கள். மீள்குடியேறித் திரும்பியவர்கள் கூரையில்லாத வீட்டையும் உடைந்த பாடசாலையையும் கண்டார்கள். ஆய்வுகூடமும் நூலகமும் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. 2013இல் கிளிநொச்சிக்கு ரயில் திரும்பியது. மின்சாரமும் கைத்தொலைபேசியும் அடுத்தடுத்து வந்தன.

2020 மார்ச்சில் கொரோனா காரணமாக நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டதும், விரும்பியும் விரும்பாமலும் ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பத் தொடங்கினார்கள். தொலைக்காட்சியில் கல்வி ஒளிபரப்பு வந்தது. அலை கிடைக்கும் இடம் தேடிப் பிள்ளைகள் அலைந்ததும், ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்ததும் நாடெங்கும் கண்ட காட்சிகள். 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிவைக்கப்பட்டது. தாளை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை நாடு இவ்வாறு கற்றது.

ஆனால் வகுப்பில் இணைய எழுத்தைக் கையாளும் ஆசிரியருக்கு உடனே சில முட்டுக்கட்டைகள் தெரியும். இணையத்தில் கிடைக்கும் தமிழ் அறிவியலில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடத்திட்டச் சொற்களில் இருக்கிறது. வேதியியல், இயற்பியல், ஆக்சிஜன், மின்தேக்கி என்று வாசிக்கும் இலங்கைப் பிள்ளை பரீட்சையில் இரசாயனவியல், பௌதிகவியல், ஒட்சிசன், கொள்ளளவி என்றே எழுதவேண்டும். ஆசிரியர் கரும்பலகையில் இரு பக்கமும் சொல் எழுதி ஐந்து நிமிடம் செலவிட்டால் இது தீரும். சரியா பிழையா என்று பார்க்காமல் பரப்பப்படும் போலி அறிவியல் இன்னும் பெரிய ஆபத்து. மூலிகை ஒன்று எல்லா நோயையும் தீர்க்கும் என்ற செய்தி பாடசாலை வட்ஸ்அப் குழுவுக்கே வருகிறது. இங்கேதான் 1829 கிரகணத்தின் முறை கைகொடுக்கும். ஒரு கூற்றை எடுத்து, மறுகூற்றைத் தேடி, அளந்து பார்க்கச் சொல்வதே விஞ்ஞான வகுப்பின் முதல் வேலை.

ஊரே எழுதப்படாத கட்டுரை

முரசுமோட்டையைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்த்தால் பாடம் கொட்டிக்கிடக்கிறது. வடக்கே ஆனையிறவு உப்பளம். கடல்நீரைப் பாத்திகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்ற, முதலில் கல்சியம் காபனேற்று படியும், அடுத்து ஜிப்சம் படியும், அதன் பிறகே உப்புப் பூக்கும். எஞ்சும் கைப்பு நீரில் மக்னீசிய உப்புகள் இருக்கும். உயர்தர இரசாயனவியலில் இந்த ஒழுங்கை மனனம் செய்யும் பிள்ளை, பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மேற்கே பரந்தன். ஆனையிறவு உப்பை மின்பகுத்து எரிசோடாவும் குளோரீனும் உற்பத்தி செய்த இரசாயனத் தொழிற்சாலை 1950களில் அங்கே எழுந்தது. சோப்புக்கும் கடதாசிக்கும் வேண்டிய எரிசோடாவும், குடிநீரைத் தூய்மையாக்கும் குளோரீனும் நாட்டுக்கு அங்கிருந்து போயின. போர் வந்ததும் 1980களில் உற்பத்தி நின்றது. உப்புக் கரைசலின் மின்பகுப்பு இன்றும் உயர்தரப் பாடத்தில் ஒரு கேள்வி. எதிர்மின்வாயில் ஐதரசன், நேர்மின்வாயில் குளோரீன், கரைசலில் எரிசோடா. அந்தச் சமன்பாட்டில் வேலைசெய்த தொழிலாளர் பலரின் பேரப்பிள்ளைகள் இதே பிரதேசத்துப் பாடசாலைகளில் படிக்கிறார்கள். தாத்தாவிடம் போய்க் குளோரீன் வாடை எப்படியிருந்தது, முகத்துக்கு என்ன கட்டினீர்கள் என்று கேட்டு எழுதிவரச் சொன்னால், அது எந்தச் சஞ்சிகையிலும் இல்லாத இரசாயனக் கட்டுரையாக இருக்கும்.

தெற்கே இரணைமடு. 2018 டிசம்பரின் கடும் மழையில் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கனகராயன் ஆறு கரைபுரண்டு கண்டாவளைப் பிரதேசத்தின் ஊர்களுக்குள் வந்தது. முரசுமோட்டையும் தப்பவில்லை. குளத்தின் கொள்ளளவு, மழைவீழ்ச்சி, கதவு திறந்த நேரம், நீர் ஊருக்கு வர எடுத்த நேரம் இந்நான்கையும் வைத்து ஒரு வகுப்பு பல வாரம் படிக்கலாம். அதன் பயன் பரீட்சைக்கு மட்டுமல்ல; அடுத்த வெள்ளத்தில் எந்த வீட்டார் முதலில் மாட்டை அவிழ்க்கவேண்டும் என்பதற்கும் அது உதவும்.

இதையெல்லாம் எளிய தமிழில் எழுத ஆட்கள் தொலைவில் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில்தான் தொடங்கியது. போரினால் இடம்பெயர்ந்து, பின்னர் திரும்பி வந்தது. இன்று கிளிநொச்சியின் அறிவியல் நகரில் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் அடுத்தடுத்து இருக்கின்றன. மண்ணின் உவர்த்தன்மையை அளப்பவர்களும், நெல்லின் நோயை ஆராய்பவர்களும், பாலத்தின் சுமையைக் கணக்கிடுபவர்களும் அங்கே உண்டு. அவர்களுடைய ஆய்வு ஆங்கிலத்தில் ஆய்விதழ்களுக்குப் போகிறது. அதே ஆய்வைத் தரம் 9 பிள்ளைக்காக இரண்டு பக்கத் தமிழில் எழுதும் கடமையையும் அவர்கள் ஏற்கவேண்டும்.

பாடசாலைகள் செய்யவேண்டியதும் பெரிய செலவுள்ள காரியமல்ல. கிழமைக்கு ஒரு பாடவேளையை வாசிப்புக்கு ஒதுக்கலாம். ஒரு கட்டுரையை ஆசிரியர் தெரிவுசெய்து முதலில் தானே சரிபார்க்கலாம். தொலைபேசி இல்லாத பிள்ளைக்கு அதைச் சுவர்ப் பத்திரிகையில் எழுதி ஒட்டலாம். பிள்ளைகளின் கேள்விகளைச் சேர்த்து அறிவியல் நகருக்கு அனுப்பலாம். வந்த பதிலை அதே சுவரில் ஒட்டலாம். கிளிநொச்சி வலயத்தின் அதிபர்களும் ஆசிரிய ஆலோசகர்களும், பீடங்களின் விரிவுரையாளர்களும் ஒரு மேசையில் அமர்ந்தால் வரும் தவணையிலேயே இதைத் தொடங்கலாம். கிறீனின் நூல்களுக்கு நேர்ந்தது இன்று எழுதப்படும் தமிழ் அறிவியலுக்கும் நேராமல் இருக்கவேண்டுமானால், அவர்கள் அந்த மேசைக்கு வரவேண்டும்.